விகுதியில் தெரியும் சாய்வு: அரசியல் குழுவை நடத்துகிறவர்களுக்கு

வாட்ஸப், டெலிகிராம் போன்றவற்றில் அரசியல் பேசும் குழுவை நடத்துகிறவர்களுக்கு ஒரே இழையிலிருந்து (ஒரு பதிவும் அதன் கீழ் வரும் பதில்களும்) இரண்டு புகார் வருவது வாடிக்கை. ஒருவர், "நீங்க அவங்க ஆளு, அதான் அந்தக் கமெண்ட்டை விட்டு வச்சிருக்கீங்க" என்பார். அடுத்தவர் அதையே மறுபக்கத்திலிருந்து சொல்வார். அட்மின்கள் இதில் ஓர் ஆறுதல் தேடிக்கொள்வார்கள்: இரண்டு பக்கமும் திட்டுகிறது, அப்படியென்றால் நாம் நடுவில்தான் நிற்கிறோம். இந்த ஆறுதலை நம்ப வேண்டாம். 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் கொல்லப்பட்ட படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் போட்டுக் காட்டி, வல்லோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு தரப்புமே அந்தச் செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. ஆக, இரண்டு பக்கமும் திட்டுகிறது என்றால் இரண்டு பக்கமும் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாம் சாய்ந்திருக்கிறோமா என்பதை வேறு வழியில்தான் அளக்க வேண்டும்.

அட்மின் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்வது அபூர்வம். தப்பு பெரும்பாலும் கண்ணில்தான் நடக்கிறது. 1951இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் ஆடிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் குறித்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்தார்கள். ஒரே படம்தான். நம் தரப்பு ஆள் திட்டினால் "பாவம், கோபத்தில் பேசிவிட்டார்" என்று தோன்றுவதும், எதிர்த்தரப்பு ஆள் அதே சொல்லைப் போட்டால் "எவ்வளவு வக்கிரம்" என்று தோன்றுவதும் இதே கணக்கில்தான் சேரும். விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு முடிந்துபோகிறது.

"நியாயமாக நடந்துகொள்வோம்" என்று உறுதி எடுத்துக்கொள்வதால் இது சரியாவதில்லை. 1984இல் வெளியான ஒரு சோதனையில், மரண தண்டனை பற்றி உறுதியான கருத்துள்ளவர்களுக்கு ஆய்வு முடிவுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் "பாரபட்சம் இல்லாமல் படியுங்கள்" என்றார்கள். எந்த மாற்றமும் இல்லை. இன்னொரு குழுவிடம், "இதே ஆய்வு எதிர்மாறான முடிவைச் சொல்லியிருந்தால் இதை இப்படித்தான் எடை போட்டிருப்பீர்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்களிடம் மட்டும் சாய்வு குறைந்தது. நல்லெண்ணத்தால் ஆகாதது ஒரு கேள்வியால் ஆகிறது.

குழுவில் இதைச் செய்யும் வழி, பெயர் மாற்றிப் பார்ப்பது. புகார் வந்த கமெண்ட்டை நகலெடுத்து நோட்ஸில் ஒட்டுங்கள். அதிலுள்ள தலைவர் பெயர், கட்சிப் பெயர், திட்டத்தின் பெயர் மூன்றையும் மறுபக்கத்துப் பெயர்களாக மாற்றுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். பிறகு முடிவெடுங்கள். ஒரு நிமிட வேலை. இதில் வழக்கமாக நடக்கும் தவறு, நமக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு தலைவரின் பெயரைப் போட்டுப் பார்ப்பது. நீங்கள் மனதார மதிக்கும் தலைவரின் பெயரைப் போட்டால்தான் சுரீர் என்று உறைக்கும்.

இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, இது நடத்தைக்கு மட்டும், உண்மைக்கு அல்ல. "இவர் மீது வழக்கு இருக்கிறது" என்பது ஒருவருக்கு உண்மையாகவும் மற்றவருக்குப் பொய்யாகவும் இருக்கலாம். பெயரை மாற்றினால் செய்தியே மாறிவிடும். இரண்டு, பெண்ணின் உடலை, ஒருவரின் பிறப்பைக் குறிவைத்து வரும் வசவு. "ஆணையும் இப்படித்தானே திட்டுகிறார்கள்" என்று மாற்றிப் பார்த்துச் சமாதானம் அடைய முடியாது, ஏனென்றால் அது விழும் இடத்தில் எடை வேறு. அதற்குத் தனி விதி வேண்டும். சோதனை எதுவும் இல்லாமல் நேரே நீக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சாய்வு காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. வினைமுற்றின் விகுதி. தன் தலைவர் "சொன்னார்", எதிர்த்தரப்புத் தலைவர் "சொன்னான்". ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு மரியாதைத் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. "ஆர்" விகுதி ஓர் இடத்தில் "ஆன்" ஆகும்போது வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமலே சண்டைக்கு அழைப்பு போய்விடுகிறது. பதில் சொல்ல வருபவர் வாதத்தைப் படிப்பதற்கு முன் அந்த "ஆன்"-ஐத்தான் படிக்கிறார். நாளிதழ்கள் எந்தக் கட்சித் தலைவராக இருந்தாலும் "அவர்" என்றே எழுதுவதில் காரணம் இருக்கிறது. குழுவுக்கும் அதே விதியை வைக்கலாம்: உயிரோடிருக்கும், மறைந்த எல்லா அரசியல்வாதிகளுக்கும் "ஆர்" விகுதி, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் "நீங்கள்". பெயரைச் சிதைத்து எழுதும் பட்டப்பெயர்கள் எந்தப் பக்கத்துக்கும் கிடையாது. சின்ன விதியாகத் தோன்றும், ஆனால் இதைப்போலக் கறாராகச் செயல்படுத்தக்கூடிய விதி வேறில்லை. யாருக்கும் சந்தேகம் வராது: விகுதி இருக்கிறது அல்லது இல்லை.

விகுதிக்கு அடுத்தது வினைச்சொல். ஒருவர் "விளக்கினார்", இன்னொருவர் "மழுப்பினார்". ஒருவர் "எச்சரித்தார்", இன்னொருவர் "மிரட்டினார்". ஒருவர் "கேள்வி எழுப்பினார்", இன்னொருவர் "புலம்பினார்". விவாதத்தைத் தொடங்கிவைக்கும் பதிவில் இந்தச் சாய்வு இருந்தால் அடுத்து வரும் ஐம்பது கமெண்ட்டும் அதைப் பற்றியே போகும். அட்மின் எழுதும் பதிவுகளில் "சொன்னார்", "கேட்டார்", "மறுத்தார்" என்ற மூன்று வினைகளுக்குள் நின்றுகொள்வது நல்லது. சுவை குறையும், பரவாயில்லை.

இனி ஒரு கமெண்ட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இது நாங்கள் எழுதிக்கொண்ட மாதிரிதான், ஆனால் இந்த அச்சில் வார்த்ததுபோல் தினமும் வரும்:

"காசு வாங்கிட்டு கூவுற கூட்டம்தானே நீங்க. முட்டுக் குடுக்கறதத் தவிர என்ன தெரியும்? போன வருஷம் செலவு பண்ணதை விட இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினது கம்மி, பட்ஜெட்லயே இருக்கு, போய்ப் படிங்க."

முதல் வாக்கியம் எதிராளியின் நோக்கத்தைப் பற்றியது; நிரூபிக்கவே முடியாது. இரண்டாவது கூட்டத்தையே சேர்த்து இழிவுபடுத்துவது. மூன்றாவது, சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்று. இழையில் அன்றைக்கு வந்த ஒரே உருப்படியான விஷயமாகக்கூட இருக்கலாம். முழுக் கமெண்ட்டையும் நீக்கினால் அவர் என்ன சொல்வார்? "பட்ஜெட் கணக்கைக் கேட்டேன், நீக்கிவிட்டார்கள்." அவர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கும். அப்படியே விட்டால் பதில் மூன்றாவது வாக்கியத்துக்கு வராது, முதலாவதுக்குத்தான் வரும். ஆகவே செய்ய வேண்டியது, தனிச் செய்தி: "மூன்றாவது வரி நல்ல கேள்வி, குழுவில் அது இருக்க வேண்டும். முதல் இரண்டு வரி விதி 1-க்கு (எழுதியவரைப் பற்றி எழுதாமல் எழுதியதைப் பற்றி எழுதுவது) எதிரானவை. அவற்றை எடுத்துவிட்டு, பட்ஜெட் ஆவணத்தின் பக்க எண்ணோடு மறுபடி போடுங்கள். இன்று இரவு 9 மணிக்குள் மாற்றாவிட்டால் நீக்குவோம்." எந்த விதி, எந்த வரி, எவ்வளவு நேரம், அடுத்து என்ன: நான்கும் அதில் இருக்க வேண்டும். "கொஞ்சம் நாகரிகமாப் பேசுங்க" என்று பொதுவில் எழுதுவது நெருப்பில் நெய். நாலு பேர் பார்க்கக் கண்டிக்கப்பட்டவர் தன் கருத்தைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டுத் தன் மானத்தைக் காப்பாற்ற இறங்கிவிடுவார்.

சரி, அந்த மூன்றாவது வரியில் என்ன இருக்கிறது? அரசியல் சண்டைகளில் பெரும்பங்கு கணக்குச் சண்டை என்பதால் இதை அட்மின்கள் கற்றுவைத்திருப்பது அவசியம். பட்ஜெட்டில் ஒரு துறைக்கு மூன்று விதமான எண்கள் வரும்: ஆண்டுத் தொடக்கத்தில் போடும் மதிப்பீடு, நடுவில் மாற்றும் திருத்திய மதிப்பீடு, ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தபின் வரும் உண்மைச் செலவு. ஒருவர் இந்த ஆண்டின் மதிப்பீட்டை முந்தைய ஆண்டின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டு "ஏறியிருக்கிறது" என்பார். மற்றவர் அதையே திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டு "இறங்கியிருக்கிறது" என்பார். இருவர் கையிலும் உண்மையான பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். இருவரும் மற்றவரைப் பொய்யர் என்பார்கள். அட்மின் செய்ய வேண்டியது ஒரே வரி: "எந்த ஆண்டின் எந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று இருவரும் எழுதுங்கள்." பெரும்பாலும் சண்டை அங்கேயே தணியும்.

வளர்ச்சி பற்றிய பேச்சில் நடப்பு விலையா நிலையான விலையா என்று கேட்க வேண்டும். பணவீக்கத்தைக் கழிக்காத எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். குற்றக் கணக்கில் மொத்த எண்ணிக்கையா, லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதமா என்று பார்க்க வேண்டும். வேலையின்மை 4 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக ஆனால் ஒருவர் "2 கூடியது" என்பார், இன்னொருவர் "50 விழுக்காடு கூடியது" என்பார். இரண்டும் சரி, முதலாவதை விழுக்காட்டுப் புள்ளி என்று சொன்னால் குழப்பம் தீரும்.

விதிகளுக்கு வருவோம். ஐந்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "மரியாதையாகப் பேசவும்", "ஆரோக்கியமாக விவாதிக்கவும்" என்பவை விதிகளே அல்ல; ஒவ்வொருவரும் தான் அப்படித்தான் பேசுவதாக நம்புகிறார்கள். எழுதியவரைப் பற்றி எழுதாமல் எழுதியதைப் பற்றி எழுதுவது ஒன்று. எல்லாத் தலைவர்களுக்கும் "ஆர்" விகுதி ஒன்று. சாதி, மதம், பாலினம், உடல், குடும்பத்தார் பக்கம் போகாமல் இருப்பது ஒன்று. எண் போட்டால் எங்கே எடுத்தது என்று போடுவது ஒன்று. ஃபார்வர்டு தனியாக வரக்கூடாது, போடுகிறவர் சொந்தச் சொல்லில் இரண்டு வரியாவது எழுத வேண்டும் என்பது ஐந்தாவது. இந்த ஐந்தாவது விதி கண்டிப்பே இல்லாமல் குப்பையைக் குறைக்கும். வாட்ஸப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்த செய்தி. அதை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020இலேயே கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆனாலும் ஒரு குழுவைக் குழப்ப ஒருமுறை வந்தால் போதுமே. இரண்டு வரி எழுத உட்காருகிறவர் தானாகவே அதை ஒருமுறை படித்துவிடுகிறார்.

விதிகளை எழுதி எங்கோ புதைத்துவைத்தால் பயனில்லை. 2019இல் வெளியான ஒரு சோதனையில், பெரிய அறிவியல் விவாதக் குழுமம் ஒன்றில் விதிகளை உரையாடலின் தலைப்பிலேயே ஒட்டிவைத்தபோது, முதன்முறை எழுதுகிறவர்கள் விதியைக் கடைப்பிடிப்பது சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. எழுத வருகிறவர்கள் குறையவில்லை, அதிகமானார்கள். விதி சொன்னால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயத்துக்கு இது பதில். ஒவ்வொரு புதிய தலைப்புக்கும் மேலே விதிகளைப் பின் (pin) செய்து வையுங்கள்.

முதல் ஐந்து கமெண்ட்டுகள்தான் இழையின் தலைவிதி. 2017இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், நல்ல மனநிலையில் வந்து, சண்டையில்லாத இழையைப் பார்த்தவர்களின் பதிவுகளில் 35 விழுக்காடு சீண்டலாக இருந்தது. கெட்ட மனநிலையில் வந்து, ஏற்கெனவே சண்டை நடந்த இழையைப் பார்த்தவர்களிடம் அது 68 விழுக்காடு. அவர்கள் சாதாரண மனிதர்கள்தான். எனவே சூடான தலைப்பைப் போட்டுவிட்டு அட்மின் வேறு வேலைக்குப் போகக் கூடாது. முதல் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க முடியும் என்றால் மட்டும் பதிவிடுங்கள். இரவு 11 மணிக்கு வேண்டவே வேண்டாம்.

சூடேறிவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். டெலிகிராமில் ஒருவர் அடுத்தடுத்து எழுதுவதற்கு இடையே சில வினாடியிலிருந்து 1 மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம். 1 நிமிடத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் 5 நிமிடம். எடுத்ததும் 1 மணி நேரம் வைத்தால் பேச்சு செத்துவிடும். கோபம் தனிச் செய்தியாக மாறி ஆளைத் தேடிப் போகும், அது இன்னும் மோசம். வாட்ஸப்பில் குழுவை "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்று மாற்றுவதுதான் வழி. 30 நிமிடம் போதும். மூடும்போதே எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதி, அதே மணிக்குத் திறக்க வேண்டும். நேரம் சொல்லாமல் மூடினால், கடைசியாகப் பேசிய தரப்புக்குச் சாதகமாக மூடியதாகத்தான் மற்றவர் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாட்ஸப்பில் எந்த அட்மின் நீக்கினார் என்பதும் அங்கேயே தெரியும் என்பதால், நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நக்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2005இல் வெளியான ஆய்வொன்றில், மின்னஞ்சலில் எழுதியவர்கள் தங்கள் வாக்கியம் கிண்டலா நிஜமா என்று படிப்பவருக்கு 78 விழுக்காடு புரிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். புரிந்தது 56 விழுக்காடு. காசைச் சுண்டிப்பார்த்துச் சொல்வதைவிடச் சற்றே மேல். "ஆமாமா, ரொம்ப நல்ல ஆட்சிதான்" என்ற வரியை ஒரு பக்கம் கேலியாகவும் ஒரு பக்கம் ஒப்புதலாகவும் படித்து, இரண்டும் கோபப்படும். நண்பர்களுக்குள் நக்கல் இனிக்கும். முன்பின் தெரியாதவரோடு அரசியல் பேசும்போது நேராகவே சொல்லிவிடுங்கள்.

"அப்போ எங்கே போயிருந்தீங்க?" என்ற கேள்வியை முற்றிலும் தடைசெய்யும் குழுக்கள் உண்டு. அது சரியல்ல. ஒரே செயலுக்கு இரண்டு அளவுகோல் வைக்கிறீர்களே என்று கேட்பது நியாயமான வாதம். திசைதிருப்பலா இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய வழி, வரிசை. கேட்ட கேள்விக்கு முதலில் பதில், பிறகு எதிர்க்கேள்வி என்று வந்தால் அனுமதிக்கலாம். பதிலே இல்லாமல் எதிர்க்கேள்வி மட்டும் வந்தால், அதற்குத் தனி இழை தொடங்கச் சொல்லலாம்.

இரண்டு பேர் விடாமல் மல்லுக்கட்டும்போது எப்போது நிறுத்துவது? ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் கருத்து மாற்றத்துக்கென்றே இயங்கும் ஒரு குழுமத்தின் உரையாடல்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், சில சுற்று பதிலுக்குப் பதில் பேசுவது உதவியது. ஐந்து சுற்றைத் தாண்டியபின் எதிராளி மனம் மாறும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமல் போனது. எனவே ஆளுக்கு நான்கு சுற்று முடிந்ததும், ஒவ்வொருவரும் மற்றவர் சொன்னதை இரண்டு வரியில் தொகுத்து எழுதச் சொல்லி முடித்துவைக்கலாம். தமிழில் தத்துவ வாதம் செய்தவர்கள் இதற்குப் பரபக்கம் என்று பெயரே வைத்திருந்தார்கள்: பிறர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு மறுப்பு, அதற்குப் பிறகே தன் பக்கம். தொகுப்பைப் படித்த எதிராளி "ஆம், நான் சொன்னது இதுதான்" என்றால்தான் கணக்கு. பல நேரம் தொகுத்து எழுதும்போதுதான் நாம் இவ்வளவு நேரம் எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதே தெரியவரும்.

இனி அட்மின்கள். குறைந்தது மூன்று பேர், வெவ்வேறு சாய்வுள்ளவர்கள். சாய்வில்லாத ஆளைத் தேட வேண்டாம், கிடைக்க மாட்டார். ஓர் இழையில் வாதம் செய்த அட்மின் அந்த இழையில் நடவடிக்கை எடுக்கக் கூடாது. நடவடிக்கையைச் சொல்லும் வேலை, முடிந்தவரை, தவறு செய்தவரின் கருத்துக்கு நெருக்கமான அட்மினுடையது. "நம்ம ஆளே சொல்றார்" என்னும்போது சதிக் கதைக்கு இடமில்லை. முறையீடு வந்தால் வேறொரு அட்மின் 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதிவேடு கட்டாயம். ஒரு விரிதாள் போதும்: தேதி, கமெண்ட்டின் நகல், எந்தத் தரப்பு, எந்த விதி, புகாரால் வந்ததா நாமே கண்டதா, எத்தனை நிமிடத்தில் நடவடிக்கை, என்ன நடவடிக்கை. மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கும்போது, நீக்கிய எண்ணிக்கையை மட்டும் தரப்புவாரியாகக் கூட்டினால் ஏமாறுவீர்கள். ஒரு பக்கத்தில் ஆட்கள் மூன்று மடங்கு இருக்கலாம். ஒரே ஒருவர் பாதி மீறல்களைச் செய்திருக்கலாம். சமமாக்குவதற்காக எண்ணிக்கையை இழுத்துப் பிடிப்பது புதிய அநியாயம். சாய்வு ஒளிந்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, நிமிடக் கணக்கு: ஒரு தரப்பின் வசவு பத்து நிமிடத்தில் போகிறது, மற்றதன் வசவு மாலைவரை நிற்கிறது என்றால் பதில் அங்கே இருக்கிறது. இன்னொன்று, நீக்காமல் விட்டவை. அந்த மாதம் புகார் வந்தும் விட்டுவைத்த கமெண்ட்டுகளில் பக்கத்துக்கு 20 எடுத்து, பெயர்களை மாற்றி, இரண்டு அட்மின்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். முதலில் விட்டதை இப்போது நீக்கச் சொன்னால், அந்த வரிகளை எல்லோருமாகச் சேர்ந்து படியுங்கள். சங்கடமான அரை மணி நேரம்தான், ஆனால் குழுவுக்கு இதைவிடப் பயனுள்ள அரை மணி நேரம் கிடையாது.

நடுநிலை என்பதை உண்மையைச் சரிபாதியாக வெட்டிக்கொடுப்பதாகப் புரிந்துகொண்டவர்கள் நிறைய. ஒரு போலிப் படம் போலிதான். "மறுபக்கமும் இப்படிப் போட்டிருக்கிறது" என்று தேடிச் சேர்க்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அதேபோல மிரட்டல், ஒருவரின் தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றில் விவாதமே வேண்டாம். இணைப்பு, நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேமித்து, உடனே நீக்கி, குறிவைக்கப்பட்டவருக்குத் தெரிவித்து, புகார் கொடுக்க அவர் விரும்பினால் சேமித்ததை ஒப்படையுங்கள்.

விலக்கிவைத்தவர் 30 நாள் கழித்துத் திரும்பும்போது குழுவில் அறிவிப்பு வேண்டாம். அவருடைய முதல் பதிவுக்கு, அதில் உள்ள விஷயத்தை மட்டும் பிடித்து, எதிர்க்கருத்துள்ள அட்மின் ஒருவர் பதில் எழுதட்டும். யாராவது பழைய ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து ஒட்டினால், அது விதி 1-க்கு எதிரானது. ஒட்டியவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் இரவு 9 மணிக் கெடு அவருக்கும் உண்டு.